பொருள் வரைதலும் பழைய ரேஞ்ச் ரோவரும்



தசலட்சணப் பருவத்தின் ஒன்பதாம் நாள் ஆகிஞ்சன்யத்திற்கு உரியது. 'எனது' என்னும் எண்ணத்தை விடுத்தலே ஆகிஞ்சன்யம். சென்ற பருவத்தில் அந்நாளிலேயே என் பேரன் அரக்கோணத்திற்கு வந்து ஒரு வினாவை முன்வைத்தான். சென்னையில் ஒருவர் பயன்படுத்திய ரேஞ்ச் ரோவர் விலைக்கு வருகிறதாம். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதானாம். "வாங்கலாமா, பாட்டி?" என்றான்.

2024 செப்டம்பரில் நம் பனப்பாக்கத்தில் டாட்டா நிறுவனத்தாரின் ஊர்தித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது முதல் இவ்வண்டியின் பெயர் இப்பகுதி இளைஞர் நாவில் அடிக்கடி வருகிறது. அவன் ஆசையில் வியப்பில்லை. பிள்ளைக்கு விடையைக் கொடுக்காதே, வினாவைத் திருத்திக் கொடு என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்றது. ஆகவே நானும் வினவினேன். மேடுபள்ளமும் சேறும் கடக்கும் இவ்வண்டி உனக்கு எவ்விடத்திற்கு வேண்டும்? திருமலைக்கும் பொன்னூர் மலைக்கும் நாம் படியேறித்தான் போகிறோம். கழனிக்கு டிராக்டர் உண்டு. அவன் சிரித்தான்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது அதிவாகனம். பேராசையால் எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மிஞ்சி ஓட்டுதல் என்று உரைகாரர் விளக்குவர். "எருது பூட்டாத வண்டிக்கு இது எப்படிப் பொருந்தும்?" என்றான் பேரன். மாதத் தவணை கட்டும் குடும்பத் தலைவனே இங்கு எருது என்றேன். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை. காற்றடைத்த பைகளின்மேல் உயர்ந்து தாழும் அமைப்பு. பழையதானால் விலை குறைவது வண்டிக்குத்தான். உதிரிப் பாகங்களுக்கு அன்று.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். அதன் இருக்கைகள் தோலால் ஆனவை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ வாழும் நமக்குத் தோல் என்றால் என்ன என்று எவரும் சொல்ல வேண்டுவதில்லை. பதனிடும் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 ஆகஸ்டில் தீர்ப்பும் வந்தது. அத்தொழிலில் உழைத்து உண்ணும் ஏழையரை நான் குறை கூறவில்லை. அவர்தம் பிள்ளைகள் பலர் என் வகுப்பில் படித்தவர்கள்.

பேரன் விடவில்லை. "அத்தோல் என்றோ உரிக்கப்பட்டது. பழைய வண்டியை வாங்குவதால் புதிதாக ஓர் உயிர் மாய்வதில்லையே?" என்றான். இதைத் தள்ளிவிட முடியாமல் அன்றிரவு நெடுநேரம் எண்ணினேன். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் மனம், மொழி, மெய்களால் நிகழும் என்பது நாம் சிறுவயதிலேயே கற்பது. அவன் கொல்லவில்லை; கொல்லுமாறு ஏவவுமில்லை. ஆனால் விற்பவர் அப்பணத்தைக் கொண்டு அடுத்த புது வண்டியை எடுப்பார்; அதற்கும் இருக்கை வேண்டும். மேலும், அத்தோலின் மென்மையைத் தடவி 'நன்று' என்று மனம் சொல்லும் நொடியில் உடன்பாடு வந்துவிடுகிறதே! இதே வண்டி 1970இல் முதன்முதலாக வந்தபோது அதன் இருக்கைகள் தோலால் ஆனவை அல்ல. நீர்விட்டுக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் விரிப்பே போட்டிருந்தனர் என்பதையும் காலையில் அவனிடம் சொன்னேன்.

பொருளைக் கண்டபின் எல்லை வகுத்தால், எல்லை அப்பொருளுக்கு ஏற்ப நீண்டுவிடும். கடைக்குப் போகுமுன் வரைவதே வரைதல். ஒரு தாளைக் கொடுத்து, வண்டியை மறந்துவிட்டு எழுது என்றேன். வீட்டிற்கு ஒரு வண்டி, கடன் இன்றி, உயிர் நீத்த பிராணியின் தோல் இன்றி என மூன்று வரி எழுதினான். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். விற்பவருக்குத் தொலைபேசியில், முன்பணம் அனுப்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டான்.

அத்தோடு முடியவில்லை. புறப்படும்போது என் கையைப் பார்த்து, "பாட்டி, அந்தக் கடிகாரப் பட்டை எதனால் ஆனது?" என்றான். பணி ஓய்வு பெற்ற நாளில் உடன் பணியாற்றியோர் அளித்த கடிகாரம் அது. இத்தனை ஆண்டுகளாக நான் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. மறுநாளே கடைத்தெருவில் கொடுத்து எவர்சில்வர் பட்டையாக மாற்றிக்கொண்டேன். கழற்றிய தோல்பட்டையை எறிய மனம் வராமல், இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.