எஞ்சியதும் காக்கப்பட்டதும்

ஒரு பொருள் அழியாது எஞ்சியிருத்தல் வேறு. அது காக்கப்படுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாற் பிறக்கும் மயக்கம் சாதாரணமானதன்று. அதனைத் தெளிவாகக் காட்டும் நிலமொன்று இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் உள்ளது. டாட்மூர் என்பது அதன் பெயர்.

நமது ஹோட்டன் சமவெளியைக் கண்டவர்கள், காற்றும் மூடுபனியும் ஆளும் அத்தகைய உயர்புல்வெளியை ஓரளவு மனத்திற் கொள்ளலாம். ஆயினும் டாட்மூரின் மிகவுயர்ந்த குன்று 621 மீற்றர் மட்டுமே. அதன் உண்மையான செல்வம் காலடியிற் கிடக்கிறது. ஈரத்தில் வளரும் பாசிகள் முற்றாக உக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான கரிய மண் அது. முற்றா நிலக்கரி எனப்படும் அம்மண் மழைநீரை உறிஞ்சி வைத்து, டாட், டேவி, டோ முதலிய ஆறுகளுக்குச் சிறுகச் சிறுக வழங்குகிறது. காற்றிற் கலக்கவேண்டிய கரியையும் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. 954 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இப்பிரதேசம் 1951ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

இதே நிலத்தின் வடமேற்கில் ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வேதி என்னும் மூன்று சுடுபயிற்சிக் களங்கள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பீரங்கிகள் அங்கு வந்துவிட்டன. சுடுபயிற்சி நடக்கும் நாட்களிற் பகலிலே செங்கொடியும் இரவிலே செவ்விளக்கும் ஏற்றப்படும். அப்பொழுது பொதுமக்கள் உட்செல்லல் ஆகாது. மக்களின் பொது உடைமை என்று போற்றப்படும் பூங்காவின் ஒரு பகுதி, குறித்த நாட்களில் அம்மக்களுக்கே மூடப்படுகிறது.

இதற்கு விடையாக ஒரு வாதம் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. இராணுவம் நிலத்தைப் பிடித்து வைத்திருந்தமையாலன்றோ அங்கே உழவு இயந்திரமும் கட்டடமும் புகவில்லை? பறவையும் பூச்சியும் பிழைத்தது இராணுவத்தின் நன்கொடையன்றோ? இவ்வாதத்தில் உண்மையே இல்லையெனக் கூறுவதற்கில்லை. தென் இங்கிலாந்தின் மற்றொரு பயிற்சி நிலமான சோல்ஸ்பரிச் சமவெளியில், ஏர் படாமையினாலேயே பழைய சுண்ணாம்புப் புல்வெளி பெரும்பரப்பில் எஞ்சியிருக்கிறது. ஆனால் அதே சமவெளியில் இம்பர் என்னும் கிராமமும் இருந்தது. 1943ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் மக்கள் போர்ப் பயிற்சிக்காக வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்தது, அவர்கள் குடியிருக்கத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. புல் பிழைத்ததை வரவில் எழுதுவோர், மனிதர் இழந்ததைச் செலவில் எழுதுகிறார்களா?

இதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு. வேறு நோக்கத்திற்காகச் செய்யப்பட்ட செயலின் பக்கவிளைவாக நன்மை நேர்ந்தால், அதனை அறம் எனலாமா? வேலி போட்டவன் தன் பொருளைக் காக்கவே வேலி போட்டான். வேலியோரத்தே கொடி படர்ந்தது. கொடி படர்ந்தது நன்றே. ஆனால் நாளை வேலிக்காரனுக்கு அவ்விடம் வேறொன்றிற்குத் தேவைப்படுமாயின், கொடிக்காக வாதாட யார் இருக்கிறார்? தற்செயலாகப் பிழைத்ததற்கு உரிமை கிடையாது. உரிமையில்லாத இடத்திற் பாதுகாப்பும் கிடையாது.

1970களில் ஈவ்லின் ஷார்ப் சீமாட்டியின் தலைமையில் இவ்விடயம் குறித்துப் பகிரங்க விசாரணை நடைபெற்றது. 1977இல் வெளிவந்த அறிக்கையில், தேசியப் பூங்காவும் இராணுவப் பயிற்சியும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். ஆயினும் இராணுவத்தின் தேவையை மனங்கொண்டு, பயிற்சியை உடனே நிறுத்துமாறு அவர் கூறவில்லை. முடிவு பலருக்கு ஏமாற்றமளித்தது இயல்பே. எனினும் அவ்வறிக்கையில் ஒரு நேர்மை உண்டு. தேவையை அவர் சேவை என்று அழைக்கவில்லை.

இவ்வேறுபாடு சொல் விளையாட்டன்று. “இது பொருந்தாதது, வேறு வழியின்மையாற் செய்கிறோம்” என்பவன் ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறான். குறைவாகச் சுடவும், கெடுத்ததைச் சீர்செய்யவும், ஒருநாள் வெளியேறவும் அவன் கடமைப்பட்டவன். “நாமே இயற்கையின் காவலர்” என்பவனோ அக்கடனைத் தானே தள்ளுபடி செய்துகொள்கிறான். அவனிடம் கணக்குக் கேட்பவர் நன்றி கெட்டவராகவே காணப்படுவர்.

டாட்மூரின் ஈரநிலம் நலிந்தமைக்கு இராணுவத்தை மட்டுமே குற்றஞ்சாட்டுவதும் நீதியன்று. வடிகால் வெட்டியமை, மண் அகழ்ந்தமை, தீயிட்டமை, அளவுக்கு மீறிய மேய்ச்சல் ஆகிய யாவற்றுக்கும் இதிற் பங்குண்டு. இன்று அங்கே வெட்டுண்ட வாய்க்கால்களை அடைத்து ஈரத்தை மீட்கும் வேலை நடைபெறுகிறது. ஆனால் சுடுபயிற்சி நிலத்தில், மண்ணைத் தொடுமுன் வெடிக்காத குண்டுகள் உளவா எனத் தேடவேண்டியுள்ளது. பழைய கடன் மண்ணுக்குள்ளே கிடக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டமும் இதனை மெல்ல உணரத் தலைப்பட்டுள்ளது. 1995ஆம் ஆண்டின் சுற்றாடற் சட்டம், பூங்காவின் நோக்கங்களைக் கருத்திற் கொள்ளுமாறு மட்டுமே அரச நிறுவனங்களைக் கேட்டது. 2023இல் நிறைவேறிய சட்டம் அந்நோக்கங்களை மேம்படுத்த முயலுமாறு பணிக்கிறது. அமைச்சர்களும் இதற்கு விலக்கல்லர். கருத்திற் கொண்டோம் எனக் கூறிக் கடந்துபோவது எளிது. மேம்படுத்தினோம் என்பதற்கோ நிலத்திலே சான்று காட்டவேண்டும்.

ஆகவே, பயிற்சி நிலத்திற் பறவைகள் பாடுகின்றனவா என்பது மட்டும் நமது வினாவாக இருத்தலாகாது. அந்நிலத்தின் பெயரால் ‘இங்கே வேண்டாம்’ எனச் சொல்ல மக்களுக்கு அதிகாரம் உண்டா, அச்சொல்லைக் கேட்கும் கடமை சுடுபவனுக்கு உண்டா என்றே நாம் வினவுதல் வேண்டும். அவ்வதிகாரம் மக்கள் கைக்கு வரும்வரை, அங்கு எஞ்சியிருப்பவை எஞ்சியவை மட்டுமே, காக்கப்பட்டவை அல்ல.