பாறும் அருவருப்பும்

அருவருப்பென்பது காணப்படும் பொருளின் குணமோ, காண்பான் மனத்தின் குணமோ என ஆராயப் புகுவார்க்குப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு தக்கதோர் உதாரணமாம். சடாயுவின் கதையை மாணாக்கர் கண்கலங்க எடுத்துரைக்கும் ஆசிரியர் பலர். அவ்வினப் பறவை செத்த மாட்டின்மேல் இருக்கக் காணின் அவரும் மூக்கைப் பொத்துவர். திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து அமுதுண்ட இரு கழுகுகளைக் கைகூப்பித் தொழுதாரும் ஊர்ப்புறத்தில் அங்ஙனமே செய்தனர்.

இந்தியாவில் அரியானா மாநிலத்துப் பிஞ்சோரிலே, சடாயுவின் பெயரால் ஒரு பாறு வளர்ப்பு நிலையம் உளது. அது தோன்றிய காரணம் துயரமானது. பசுக்களின் நோவு தணிய இட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, அவை இறந்தபின் ஊனில் எஞ்சிநின்று, உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 100க்கு 99க்கு மேல் மாண்டன. இதில் கொடியவன் ஒருவனுமிலன். மருந்திட்டவன் பசுவின்பால் இரங்கியவனே. காரணம் 2004இல் வெளிப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது.

இனி, கூட்டில் அப்பறவையைப் பேணுவோன் நாடோறுங் காண்பன யாவை? பிணத்தினுள்ளே தலையை நுழைத்துண்ணும் உயிர்க்கு இறகடர்ந்த தலை அழுக்கேறுதற்கே இடமாம். நாம் இகழும் வழுக்கையே அதற்குத் தூய்மை. தொட்டியில் நீர் கண்டால் இறங்கி நீராடிச் சிறகை விரித்து வெயிலிற் காயும். ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். குஞ்சுக்கு இரண்டும் இரையூட்டும். இவற்றைக் கண்டவன் வாயில் இகழ்ச்சி நில்லாது.

ஊரைத் துப்புரவு செய்தலால் பாறு போற்றத்தக்கது என்பர் சிலர். அது மெய்யே, ஆயினும் போதாது. கூட்டிலிருக்கும் பாறு எவ்வூரையும் துப்புரவு செய்வதன்று. மருந்தின் எச்சம் இல்லாத ஆட்டிறைச்சியைத் தேடி அதற்கு நாமே இடவேண்டியிருக்கின்றது. நமக்குச் செலவன்றி வரவில்லை. அங்ஙனமாகவும் பேணுவோன் அதன் ஒற்றை முட்டைக்காகக் கவலுறுவனெனின், அம்மதிப்பைப் பயனென்னும் அளவுகோலால் அளத்தல் கூடாதன்றோ?

வானிற் பல காதம் வட்டமிடும் பறவையைக் கம்பிக்குள் அடைத்தல் அறமோ என வினவுவார்க்கு யாம் கூறுவது: கதவைத் திறக்குங் கருத்தோடு அடைப்பின் அன்றி அது அறமாகாது. பிஞ்சோரில் 2020இல் 8 வெண்முதுகுப் பாறுகள் விடுவிக்கப்பட்டன. வெளிப்போந்த பாறு உண்ணும் மாடு நஞ்சற்றதாதல் வேண்டும். மெலொக்சிகாம் என்னும் மருந்து மாட்டின் நோவையும் தணித்துப் பாறையும் கொல்லாதுவிடும். அவ்வாறன்றிக் கொல்லும் கீற்றோபுரொபென், அசெக்குளோபினாக் என்னும் இரண்டையும் இந்திய அரசு 2023இற்றான் கால்நடைகளுக்குத் தடுத்தது.