கூட்டத்தில் நின்றிருந்தவன்

1972 ஜூன். பிரான்சின் த்ருவா நகரில் நீதிமன்றத்தைச் சுற்றி ஒரு கூட்டம். உள்ளே புஃபே, போந்தாம் என்ற இரண்டு கைதிகள் மீதான விசாரணை. முந்தைய ஆண்டு கிளேர்வோ சிறையில் ஒரு செவிலியரையும் ஒரு காவலரையும் பிணையாகப் பிடித்து வைத்திருந்தார்கள். பிணையாக இருந்த இருவரும் கழுத்து அறுபட்டுச் செத்தார்கள். கைதிகளைக் கொண்டுபோகும்போதெல்லாம் கூட்டம் கத்தியது: கொல்லு, ரெண்டு பேரையும் கொல்லு.

அந்தக் கூட்டத்தில் பத்ரிக் ஆன்ரி என்ற இளைஞனும் நின்றிருந்தான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1976இல், அதே ஊரில் ஏழு வயதுச் சிறுவனைப் பணத்துக்காகக் கடத்திக் கொன்றான். பிடிபடுவதற்கு முன்னால் தொலைக்காட்சிக் கேமராவிடம், இப்படிச் செய்தவனுக்கு மரண தண்டனைதான் சரி என்றும் சொன்னான்.

போந்தாமுக்காகவும் பத்ரிக் ஆன்ரிக்காகவும் வாதாடிய வழக்கறிஞர் ஒருவரே: ரொபேர் பதேந்தேர். கூட்டத்தில் நின்றவனைப் பற்றிய இந்தத் தகவலை 1981இல் நாடாளுமன்றத்தில் சொன்னதும் அவர்தான், அப்போது நீதி அமைச்சராக. தூக்குப் பயம் இருந்தால் கொலை குறையும் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் இருக்கமுடியுமா தெரியவில்லை. 'கொல்லு' என்று கத்தியவனுக்கே அந்தத் தண்டனை பயத்தைத் தரவில்லை. புஃபே இன்னும் ஒரு படி மேலே. எனக்கு மரண தண்டனை கொடுங்கள் என்று அவனே கேட்டான். அவனுக்கு அது ஒரு வகை அழைப்பு.

போந்தாம் கதை வேறு. கத்தியைப் பிடித்தது அவன் கை இல்லை என்று ஜூரிகளே ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் உடந்தை என்ற கணக்கில் தலையை எடுக்கத் தீர்ப்பு. ஜனாதிபதி பொம்பிதூ கருணை மனுவை ஏற்கவில்லை. 1972 நவம்பர் 28 விடியலில், பாரிஸின் சாந்தே சிறையில் கில்லட்டின். தன் கட்சிக்காரனுடன் கடைசிவரை போவது வழக்கறிஞரின் கடமை என்பதால் பதேந்தேரும் அங்கே இருந்தார். யாரையும் கொல்லாத ஒருவனை, கொல்லவில்லை என்று தெரிந்தே, அரசு கொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அதுவரை மரண தண்டனையைக் கொள்கையளவில் எதிர்த்த வக்கீல் அன்றைக்கு வேறு மனிதராகத்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.

1977 ஜனவரியில் மறுபடி த்ருவா, மறுபடி கூட்டம். இந்த முறை குற்றத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. பதேந்தேர் 'இவன் செய்யவில்லை' என்று வாதாடவில்லை, வாதாடவும் முடியாது. ஜூரிகள் ஒவ்வொருவரையும் பார்த்து, உயிரோடு இருக்கும் ஒரு மனிதனை இரண்டாக வெட்டச் சொல்லப்போகிறீர்களா, அதைத் தூக்கிக்கொண்டு மிச்ச வாழ்க்கையை வாழ்வீர்களா என்கிற மாதிரி பேசினார். சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தரவில்லை. ஆயுள் தண்டனை கிடைத்தது. ஊர் கொந்தளித்தது.

நானும் அந்த ஊரில் இருந்திருந்தால் கொந்தளித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். குழந்தையைக் கொன்றவன் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் வாட்ஸப்பில் 'இவனையெல்லாம் நடுரோட்ல வெச்சு சுடணும்' என்று வந்து விழுகிறது. அதற்கு நானும் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறேன், அப்புறம் வெட்கப்பட்டிருக்கிறேன், அடுத்த செய்தி வந்ததும் மறுபடி அதே கோபம். அதனால் இதை மேடையில் ஏறி நின்று எழுதவில்லை.

1981 மேயில் மித்தரான் ஜனாதிபதியானார். மரண தண்டனைக்கு எதிரானவன் என்று தேர்தலுக்கு முன்பே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டு ஜெயித்தவர் அவர். செப்டம்பர் 17 அன்று பதேந்தேர் மசோதாவை முன்வைத்துப் பேசினார். மறுநாள் 363க்கு 117 என்று நிறைவேறியது. எதிரணியில் இருந்த ஜாக் சிராக்கும் ஆதரித்தே வாக்களித்தார். அக்டோபர் 9 அன்று சட்டமானது. கருத்துக்கணிப்புகளிலோ பத்தில் ஆறு பேருக்கு மேல் கில்லட்டின் இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். இது ஜனநாயகமா என்று நண்பன் ஒருவன் கேட்டான். சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்டிருக்கிறார்களே, மறைத்துவைத்துச் செய்யவில்லையே என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லைதான். ஆனால் ஒருவன் உயிரோடு இருக்கலாமா என்பதைக் கணிப்பு எண்ணிக்கைக்கு விடலாம் என்றால், த்ருவாவில் கத்திய கூட்டமே தீர்ப்பு எழுதியிருக்கலாம், நீதிமன்றம் எதற்கு?

பதேந்தேரின் குடும்பம் பெசராபியாவிலிருந்து பிரான்சுக்கு வந்த யூதக் குடும்பம். 1943 பிப்ரவரி 9 அன்று லியோன் நகரில் சாந்த்-கத்ரீன் தெருவில் இருந்த ஒரு யூத அமைப்பின் அலுவலகத்தில் கெஸ்டபோ 86 பேரைப் பிடித்தது. அதில் அவருடைய அப்பா சிமோன் ஒருவர். மகனுக்கு அப்போது பதினான்கு வயது. அப்பா சோபிபோர் முகாமிலிருந்து திரும்பவில்லை. அந்தச் சோதனையை நடத்தியவன் கிளவுஸ் பார்பி. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1983இல், பொலிவியாவிலிருந்து பார்பியைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தபோது நீதி அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் பதேந்தேர். லியோனில் பார்பி தன் கைதிகளை அடைத்துவைத்த அதே மோன்லுக் சிறையில் முதலில் அவனை வைக்கச் செய்தார். 1987இல் ஆயுள் தண்டனை. பார்பியின் தலை தப்பியது, அவன் கொன்ற ஒருவரின் மகன் கொண்டுவந்த சட்டத்தால்.

இதை முதன்முதலில் படித்தபோது 'எவ்ளோ பெரிய மனசு' என்று தோன்றியது. பிறகு யோசித்தால் அது தப்பான வார்த்தை. பதேந்தேர் மன்னிக்கவில்லை. பிடித்துக் கொண்டுவந்தார், கூண்டில் நிற்கவைக்க வழி செய்தார், பார்பி சிறையில்தான் செத்தான். நம் பேச்சில் 'தூக்கு வேண்டாம்' என்றாலே 'அப்ப சும்மா விட்றலாமா' என்று பதில் வருகிறது. நடுவில் இருக்கும் அத்தனையும் காணாமல் போய்விடுகிறது. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் சொந்த விஷயம். கொல்லாமல் இருப்பது அரசின் விஷயம். முதலாவது இல்லாமலே இரண்டாவது நடக்கலாம்.

இன்னொரு சிக்கல் உண்டு. மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் ஆசையோடு சொல்லும் பெயர் பிலிப் மொரிஸ். 1980இல் மரண தண்டனை பெற்றவர், மித்தரானின் மன்னிப்பால் பிழைத்தார், சிறையில் இருந்தபடியே இடைக்கால வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். அருமையான கதை. ஆனால் அதைச் சாட்சியாகக் கூப்பிட்டால் பத்ரிக் ஆன்ரியையும் கூப்பிட வேண்டியிருக்கும். 2001இல் நிபந்தனையோடு விடுதலையானான். சீக்கிரமே கடையில் திருடி மாட்டினான், அடுத்த ஆண்டு ஸ்பெயினில் போதைப்பொருளோடு பிடிபட்டான், மறுபடி சிறை. 'பாத்தியா, சொன்னோம்ல' என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். என்னைக் கேட்டால் மொரிஸையும் ஆன்ரியையும் இரண்டு பேரையுமே விட்டுவிட வேண்டும். திருந்தினால்தான் உயிர் என்றால் அது உரிமை இல்லை, தவணை முறைக் கடன். ஆன்ரி திருந்தியிருக்க வேண்டிய அவசியமில்லை. அவன் அப்படியே கேடுகெட்டவனாக இருந்திருந்தாலும் கழுத்தை வெட்டக்கூடாது என்பதுதான் வாதம்.

அந்தச் சிறுவனின் பெற்றோரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அது வாதத்தின் பலவீனமா, என் பலவீனமா என்று இன்னும் பிடிபடவில்லை.

பதேந்தேர் அமைச்சராக இருந்தபோது பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டங்களும் வந்தன. (பிரான்சில் சாதாரண ஆட்களிடம் 'பதேந்தேர் சட்டம்' என்றால் கில்லட்டின் ஞாபகம் வராது, 1985இல் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்காக வந்த சட்டம்தான்.) ஆனாலும் கொலைகாரர்களின் வக்கீல் என்ற பெயர் அவரை விடவில்லை. 1983இல் போலீஸ்காரர்களே அவருடைய அமைச்சகத்தின் ஜன்னல்களுக்குக் கீழே வந்து கோஷம் போட்டார்கள்.

2024 பிப்ரவரி 9 அன்று இறந்தார், அப்பா பிடிபட்ட அதே தேதி. 2025 அக்டோபர் 9 அன்று பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். உடல் போகவில்லை. பெட்டியில் வழக்கறிஞர் அங்கியையும் சில நூல்களையும் வைத்துக் கொண்டுபோனார்கள். உடல் பாரிஸுக்கு வெளியே பாஞியோ கல்லறையிலேயே இருக்கிறது. அதே நாளில் அந்தக் கல்லறையில் யாரோ பெயின்ட்டால் கிறுக்கியிருந்தார்கள்: கொலைகாரர்களும் வன்புணர்வு செய்தவர்களும் இவருக்கு என்றென்றும் நன்றிக்கடன் பட்டவர்கள் என்கிற அர்த்தத்தில்.