408 வளையங்கள்

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதன் நினைவகம் குட்டிக் குட்டி ஃபெரைட் வளையங்களால் ஆனது. ஒரு பிட்டுக்கு ஒரு வளையம். ஒவ்வொன்றின் துளையிலும் மெல்லிய கம்பிகளைக் கோத்திருந்தார்கள். இன்றைய யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டு முறையில் ‘காமயகவுண்டன்பட்டி’ என்று எழுத 408 பிட்டுகள் வேண்டும். நம் ஊர்ப் பெயரை 200 முறை எழுதினால் அந்த நினைவகமே நிரம்பிவிடும்!

குழாய் போய் டிரான்சிஸ்டர் வந்தது, பிறகு சிப். இன்று பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் நிற்பவரின் போனுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள். 2011 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினியே இலவசமாகக் கிடைத்தது. சென்னை ஐஐடி ‘சக்தி’ நுண்செயலியை வடிவமைத்து, அந்த வடிவமைப்பையும் பொதுவில் வைத்திருக்கிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம், நம் பிளஸ் டூ பிள்ளைகளும்தான்.