எதிர்பார்ப்பும் நன்றியுணர்வும்

மனித மனம் நிகழ்காலத்தில் மட்டும் வாழ்வதில்லை. அடுத்து என்ன நிகழும், அது எப்போது நிகழும் என்று அது ஓயாமல் கணித்துக்கொண்டே இருக்கிறது.

இத்திறன் மனிதனுக்கு மட்டும் உரியதன்று. ருஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் நாய்க்கு 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உணவளித்துப் பழக்கினார்கள். மணியோசை போன்ற முன்னறிவிப்பு எதுவும் இல்லை. பின்னர், உணவளிக்காதபோதும் ஏறக்குறைய 30-ஆம் நிமிடத்தில் அதன் வாயில் உமிழ்நீர் ஊறியது. கடந்து சென்ற காலமே அதற்கு மணியோசையாகிவிட்டது!

பின்னாளில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளின் மூளையில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்தார். 1997-இல் வெளியான கட்டுரையில் அவரும் உடன் ஆய்வாளர்களும் விளக்கிய உண்மை சிந்திக்கத்தக்கது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துள்ளியெழுந்தன. ஓர் அடையாளத்தைக் காட்டி, குறித்த நேரம் கழித்துச் சாறு தந்து பழக்கியபின், அடையாளத்தைக் கண்டதுமே துள்ளின; சாறு வந்தபோது சலனமின்றி இருந்தன. சாறு வராமற்போனாலோ, அது வரவேண்டிய அதே கணத்தில் அவற்றின் இயக்கம் வழக்கத்தைவிடத் தாழ்ந்தது.

நம் இல்லங்களிலும் இத்தகைய போக்கைக் காணலாம் அல்லவா? தினமும் காலை ஆறு மணிக்குக் காப்பி கைக்கு வருகிறது. கொடுத்தவரின் முகத்தை நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஒருநாள் பத்து நிமிடம் தாமதமானால் மட்டும் சினம் பொங்குகிறது. தவறாமல் செய்யப்படும் தொண்டு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒருநாள் தவறுவது மட்டுமே புலப்படுகிறது. நாள்தோறும் நன்மை செய்பவருக்கே நாம் மிகக் குறைவாக நன்றி செலுத்துகிறோம்.

அப்படியானால் எதிர்பார்ப்பதே குற்றமா? இல்லை. பருவத்தைக் கணிக்காத உழவன் விதைக்க முடியாது. குழந்தையின் பசிநேரத்தை அறியாத தாய் அதைப் பேண முடியாது. ‘வரும்’ என்பது கணிப்பு. ‘வந்தே தீர வேண்டும்’ என்பது உரிமை கொண்டாடுதல். முன்னது அறிவு, பின்னது அகந்தை. முன்னதிலிருந்து பின்னதற்கு மனம் நழுவுவதை நாம் உணர்வதே இல்லை.

பழகியதைக் கவனியாது விடுவது மனத்தின் இயல்பாக இருக்கலாம். ஆனால் இயல்பையே விதியென ஏற்க வேண்டியதில்லை. குறித்த நேரத்தில் ஒன்று வந்து சேரும்போது ஒரு கணம் நின்று, ‘இது யாருடைய உழைப்பால் வந்தது?’ என்று கேட்போம். நன்றியுணர்வு தானாக ஊறும் உமிழ்நீர் அன்று. நாள்தோறும் முயன்று பழக வேண்டிய பண்பு.