யார் கணக்கில் எழுதுவது?

நூற்பாலையில் காஸ்ட் அக்கவுண்டன்ட் நான். மாதக் கடைசியில் கலவை மாறுபாடு, விளைச்சல் மாறுபாடு என்று இரண்டு எண்களைப் போட்டுக் கொடுக்க வேண்டும். கூட்டல் கழித்தலில் சிக்கலே இல்லை. 100 கிலோ பஞ்சில் நீள இழை 60 கிலோ, கிலோ 180 ரூபாய். மட்ட ரகம் 40 கிலோ, 150 ரூபாய். அதில் 84 கிலோ நூல் வரவேண்டும் என்று திட்டம் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சுச் செலவு 200 ரூபாய். இப்போது 1,000 கிலோவைப் பாதிக்குப் பாதி கலந்துவிட்டார்கள். 100 கிலோ நல்ல பஞ்சின் இடத்தில் மட்டப் பஞ்சு: 3,000 ரூபாய் சாதகம். நூல் 840 கிலோ வராமல் 820தான் வந்தது: 4,000 ரூபாய் பாதகம்.

சாதகம் கொள்முதலுக்கு, பாதகம் ஸ்பின்னிங் மாஸ்டருக்கு. இதுதான் வழக்கம். மாஸ்டர் சும்மா இருப்பாரா? கார்டிங்கில் கழிந்த பஞ்சை அள்ளிவந்து என் மேஜையில் போட்டார். ஒரு சிட்டிகை எடுத்து நகத்தால் இழுத்துக் காட்டினார். அரை அங்குலம்கூட நிற்கவில்லை. "இது என் வேஸ்டா சார், அவர் வாங்கின பஞ்சா?"

நியாயமான கேள்வி. ஆனால் பஞ்சு மாறியபிறகும் மாஸ்டர் கார்டு செட்டிங்கை மாற்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

யார் கணக்கில் எழுதுவது என்ற இந்த வழக்கு தத்துவத்திலும் உண்டு. வினை தானே பலன் தரும், நடுவில் யாரும் வேண்டாம் என்பது சமணர் கட்சி. சைவ சித்தாந்திகள் மறுக்கிறார்கள்: வினை சடம், செய்தவன் யாரென்று அதற்கு எப்படித் தெரியும்? அறிந்த ஒருவன் பலனைக் கூட்டுவிக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம் இந்த இடத்தைத் தொடுகிறது. கடவுள் உண்டா என்பது கிடக்கட்டும். கணக்கன் என்ற முறையில் எனக்குச் சித்தாந்தி சொல்வதுதான் சரியாகப் படுகிறது. 4,000 ரூபாய்க்குத் தன் ஆளைத் தெரியாது. நாம் படித்த காஸ்டிங் புத்தகங்களோ, தெரிந்தோ தெரியாமலோ, சமணர் பக்கம்: சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் குற்றவாளி தானே வந்து நிற்பான் என்கின்றன.

சித்தாந்தியிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அவர் பேசுவது பெரும்பாலும் ஓர் உயிரையும் அதன் வினையையும். இங்கே கழிவு இரண்டு பேர் சேர்ந்து செய்தது. மட்டப் பஞ்சு வராவிட்டால் செட்டிங் பிசகு தெரிந்திருக்காது; செட்டிங்கைச் சரிசெய்திருந்தால் மட்டப் பஞ்சு இவ்வளவு தின்றிருக்காது. இதில் எத்தனை ரூபாய் யாருடையது?

இந்த மாதம் நிகர பாதகம் 1,000 என்று ஒரே வரியாக, இருவர் பெயரிலும் எழுதினேன். எம்.டி.க்குப் பிடிக்கவில்லை. "நான் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?" என்றார். இருவரையும் சேர்த்தே கூப்பிடுங்கள் என்றேன். கொள்முதல்காரர் அடுத்த லாட் பார்க்க ராஜ்கோட் போயிருந்தார்.