நூலும் ஆடையும்

1930களின் பாணியில், உடலை ஒட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒரு குரோஷே கவுனை வீட்டிலேயே பின்னும் பெண்மணிக்கு, கொக்கி முனையுள்ள ஓர் ஊசியும் ஒரு நூலுமன்றி வேறு சாதனம் வேண்டியதில்லை. கண்ணிக்குள் ஊசியை நுழைத்து, நூலை வளைத்து இழுத்தால், அடுத்த கண்ணி பிறக்கிறது. அப்படிப் பிறந்த ஆடை நூலுக்கு அந்நியமான புதிய வஸ்துவா, அல்லது நூலேதானா?

நம் தரிசனக்காரர்கள் நூலையும் துணியையும் திருஷ்டாந்தமாக வைத்தே இவ்விவாதத்தை நடத்தினர். காரியம் காரணத்திலேயே சூக்ஷ்மமாக உள்ளது என்பது சாங்கியரின் சத்காரியவாதம். முன்பு இல்லாதது புதிதாய் உண்டாயிற்று; அதற்கு நூல் சமவாயி காரணம், நூல்களின் சேர்க்கை அசமவாயி காரணம், நெய்பவனும் தறியும் நிமித்த காரணம் என்பது நையாயிகர் கட்சி. ஆனால் அவர்கள் கண்டது பாவும் ஊடும் குறுக்கிடும் தறித்துணி. குரோஷேயிலோ, கடைசிக் கண்ணியை விடுவித்து நுனியை இழுத்தால், வரிவரியாய் அவிழ்ந்து, நெளிந்த நூலாக அத்தனையும் மடியில் விழும். இழை எள்ளளவும் குறையாது. சேர்க்கை அழிந்தது, ஆடையும் அழிந்தது என்பார் நையாயிகர். மறைந்ததேயன்றி அழியவில்லை என்பார் சாங்கியர்.

என் சாய்வு சாங்கியர் பக்கமே; ஆயினும் ஒரு சங்கடம். நூல் உருண்டைக்குள் கவுன் மறைந்திருந்ததெனில், மேஜை விரிப்பும் குழந்தைக் குல்லாயும் அங்கேயே மறைந்திருந்தனவென்று ஒப்ப வேண்டும். எல்லாம் எதிலிருந்தும் பிறவாது என்று சாங்கிய காரிகையில் ஈசுவரகிருஷ்ணர் வாதித்தது சரியே. ஆனால் பலவற்றைப் பிறப்பிக்கவல்ல நூலிலிருந்து கவுனை மட்டும் வெளிக்கொணர்ந்தது அப்பெண்ணின் சங்கற்பமல்லவா?